எப்போது வந்தீர்கள் என்று கேட்டவர்

ஒருவரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் எழுதுகிறவன் எச்சரிக்கையோடு எழுத வேண்டும். நான் எழுதப்போகும் பெண்மணியைப் பற்றி ஏற்கெனவே இரண்டு முறை எழுதப்பட்டிருக்கிறது. இரண்டும் அரசு அலுவலர் எழுதிய விசாரணைக் குறிப்புகள். இரண்டிலும் வாக்கியங்கள் நேராக நிற்கின்றன; கையொப்பமும் முத்திரையும் உரிய இடத்தில் இருக்கின்றன; உண்மை மட்டும் சற்றுத் தள்ளி நிற்கிறது. மூன்றாவது முறையும் அப்படி நேர்ந்துவிடக் கூடாது என்பதால் எனக்கு நானே ஒரு கட்டுப்பாட்டை வகுத்துக்கொண்டேன். என் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் எழுதுவேன். பிறர் சொன்னதாயின், ஒருவரோடொருவர் தொடர்பில்லாத இருவராவது அதையே சொல்லியிருக்க வேண்டும். ஊகம் எத்துணை அழகாக இருந்தாலும் சேர்க்கமாட்டேன். பெயரையும் தரமாட்டேன், அனுமதி கேட்க அவர் எனக்குக் கிடைக்கவில்லை.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில், எல்லோரும் 'டைம் ஆபீஸ்' என்று அழைத்த அறையில் நான் எழுத்தராக இருந்தேன். அவர் அதே ஆலையின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். தோட்டம் என்பது மரியாதைக்காகச் சொல்வது. மதிற்சுவரை ஒட்டி இரண்டு வரிசைச் செடிகள். ஆலைக்குள்ளும் பசுமை உண்டு என்று மேலதிகாரிகளுக்குக் காட்டுவதற்காக நட்டவை. இலைகளின்மேல் கரித்தூள் படியும். ஆய்வுக்கு ஆள் வருகிற நாளில் அவர் இலை இலையாகத் துடைத்து வைப்பார். வயது நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் இருக்கலாம். அவருக்கே தெரியாததை நான் உறுதிசெய்ய இயலாது. சேலைக்குமேல் ஆலை கொடுத்த நீலச் சட்டை. ஆலை கொடுத்த பூட்சைக் கையில் தூக்கிக்கொண்டு வருவார், வாயிலில் அணிவார், வாயிற்காவலரின் பார்வை மறைந்ததும் கழற்றிச் செடியடியில் வைத்துவிடுவார். மண்ணை மிதிக்காமல் செடிக்கு நீர் ஊற்றுவது அவருக்கு விளங்காத காரியம்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. புதிதாக எவரைக் கண்டாலும் முதற்கேள்வியாக, "எப்போ வந்தீங்கோ?" என்பார். அடுத்து, "தண்ணி ஒத்துக்கிச்சா?" என்பார். அதற்கும் அடுத்து, வந்தவர் கேளாமலே சில செய்திகளைச் சொல்லுவார்: எந்தக் குழாய்த் தண்ணீர் உப்பு, எந்த மதிலோரம் பாம்பு வரும், எந்தக் காற்று அடித்தால் ஆந்திரப் பக்கத்து மழை இங்கே வரும். திருமண வீட்டு வாசலில் நின்று வருகிறவரை வரவேற்கும் பெண்வீட்டாரின் பொறுப்பும் பெருமிதமும் அந்தக் குரலில் இருக்கும். ஒடிசாவிலிருந்து வந்து இறங்கிய இளைஞர்களை அப்படித்தான் வரவேற்றார். விமானத்தில் வந்து இறங்கிய பொது மேலாளரையும் அப்படித்தான். மேலாளர் தமிழ் அறியாதவர்; மொழிபெயர்த்துச் சொன்னபோது மகிழ்ந்துபோய், நிறுவனம் தம்மை வரவேற்க ஏற்பாடு செய்திருப்பதாக எண்ணி நன்றி சொன்னார். இவரும் அந்த நன்றியை ஏற்றுக்கொண்டார்.

என்னையும் விட்டுவைக்கவில்லை.

"நீ எப்போ வந்த நைனா?"

"நான் இங்கேதான். கவரைப்பேட்டை."

"அது தெரியுதே. எப்போ வந்தீங்கோ, கவரப்பேட்டைக்கு?"

நான் அங்கேயே பிறந்தவன் என்றேன். என் தந்தையும் அங்கேயே பிறந்தவர் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். குழந்தை கணக்கைத் தப்பாகப் போடும்போது காத்திருப்பதுபோல் காத்திருந்தார். வேறு வழியின்றி வீட்டிற்குப் போய் என் பெரியப்பாவைக் கேட்டேன். எங்கள் முன்னோர் திருவாலங்காட்டுப் பக்கத்திலிருந்து இருப்புப்பாதை வேலைக்காக வந்தவர்கள் என்று அவர் சொன்னார். மறுநாள் அதைத் தெரிவித்தேன்.

"ரயிலோட வந்தவங்களா நீங்க!" என்று முகம் மலர்ந்தார். "சரி சரி. ரயிலு வந்துச்சு, மில்லு வந்துச்சு, கம்பெனி வந்துச்சு. எல்லாம் வந்துச்சு. எங்க மேட்டுக்குக் கரண்டு மட்டும் இன்னும் வர்ல."

அவர் இருளர். மேடு என்று அவர் சொன்னது, ஆலைக்குக் கிழக்கே ஏரிக்கரையை ஒட்டிய புறம்போக்கில் சில குடிசைகள் நிற்கும் திட்டு. அதற்குப் பட்டா இல்லை. வருவாய்த் துறையின் மொழியில் அங்கே வாழ்பவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள். அந்த ஆக்கிரமிப்பாளர்தான் ஆலைக்குள் வந்த எல்லோரையும் விருந்தினராக ஏற்றுத் தண்ணீர் ஒத்துக்கொண்டதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அவர் கணக்கில் ஆலை, வீட்டின் முன்னறையில் வந்து உட்கார்ந்த தூரத்து உறவினர். வந்தது அவ்வளவு பிடித்தமில்லை. ஆனாலும் வந்தவரை எழுந்து போ என்று சொல்லலாகாது.

மேட்டிற்கு அப்பால், முட்புதர்களுக்கிடையே ஒரு கல் நடப்பட்டிருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன். செதுக்கிய எழுத்துகள் தேய்ந்துவிட்டன. ஆங்கில எழுத்து என்பது மட்டும் தெரியும். அது பழைய காட்டு எல்லைக் கல் என்று நில அளவையர் ஒருவரும் பக்கத்து வயல்காரர் ஒருவரும் தனித்தனியே சொன்னார்கள். ஆகவே அந்தக் கல் என் கட்டுப்பாட்டிற்குள் வருகிறது. அதைப் பற்றி அவர் சொன்ன கதை வராது. சொன்னவர் அவர் ஒருவரே. அது உறுதிசெய்யப்படாதது என்ற குறிப்போடு மட்டும் தருகிறேன்.

"எங்க தாத்தாவுக்குத் தாத்தா காலத்துல ஒரு தொர வந்தானாம். கல்ல நட்டானாம். இதுக்கு அந்தாண்ட சர்க்கார் காடு, வெறகு பொறுக்குனா, தேன் எடுத்தா திருட்டுன்னானாம். எங்காளு கேட்டானாம், அய்யா எப்போ வந்தீங்கோ, சாப்ட்டீங்களான்னு."

"துரை என்ன சொன்னாராம்?"

"அவனுக்குத் தமிழு தெரியாதே நைனா."

கல் நட்டபின் நடந்தவற்றுக்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. காட்டில் இருந்தவர்கள் காட்டுத் திருடர்கள் ஆனார்கள். திருடராகாமல் இருக்க விரும்பியவர்கள் பிறர் வயலுக்குக் காவல் போனார்கள். பிறகு நெல் அவிக்கும் ஆலைகளில் முன்பணத்துக்குக் கட்டுண்டு தலைமுறை தலைமுறையாக உழைத்தார்கள். இவரும் சிறுமிப் பருவம் முதல் அப்படியோர் ஆலையில் இருந்தவர்; கணவரை இழந்ததும் அங்கேதான். அதே ஆலையில் இருந்த வேறொரு பெண்ணும் இதைச் சொல்லியிருக்கிறார். பின்னர் நாடு விடுதலை பெற்றுப் பழங்குடியினருக்குச் சலுகை என்று சட்டம் வந்தபோது, யார் பழங்குடி என்ற கேள்வி எழுந்தது. கேள்வி நியாயமானது. விடைக்காக, கல் நட்டவர்களின் காலத்துப் புத்தகத்தைத் திறந்ததுதான் வேடிக்கை.

அவருக்கு ஒரே மகள். பன்னிரண்டாம் வகுப்பில் நன்றாகவே தேறினாள். செவிலியர் படிப்பில் சேர வேண்டும் என்பது அவள் விருப்பம். பழங்குடியினருக்கு ஒதுக்கிய இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் இருந்தது. பழங்குடி என்பதற்குச் சான்றிதழ் இல்லை. சேர்க்கை முடிவதற்குள் சான்று வந்தால் மகள் வெள்ளைச் சீருடை அணிவாள். வராவிட்டால் தாயைப்போல் நீலச் சட்டை. ஆலைக்குத் தோட்ட ஆள் வைக்கும் ஒப்பந்தக்காரர் அதற்குள் ஒருமுறை, "பொண்ணு சும்மாதானே கீது, பேக்கிங்குக்கு அனுப்பேன்" என்று கேட்டும் விட்டார். அன்று தாய் செடிகளுக்கு ஊற்றிய நீர் வாய்க்கால் தாண்டிப் பாதையில் ஓடியது. விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தவன் நான். விசாரணைக்கு அலுவலர் மேட்டிற்கே வருவார் என்று தகவல் வந்தது.

ஆலையின் வாயிற்காவலர் பொன்னேரிக்காரர், உலகியல் அறிந்தவர். அவர் தாயை அழைத்து அறிவுரை சொன்னார்.

"யக்கா, நான் சொல்றத கேளு. ஊட்ட கொஞ்சம் அலங்கோலமா வையி. பொண்ணுக்கு அந்த சுடிதாரெல்லாம் வோணாம், கிழிஞ்ச பாவாட குடு. எலிய புடிச்சி நாலு எலி வாசல்ல தொங்க உடு. ஆபீசரு பாத்தவொடனே கையெழுத்து போட்ருவாரு."

"ஊட்டுக்கு வர்றவங்களுக்குச் செத்த எலிய காட்றதா? உங்க ஊட்ல அப்டிதான் வழக்கமா?"

"எங்க ஊட்ல யாரும் எஸ்டி சர்டிபிகேட் கேக்கலியே கா."

"நல்லா கீதுடா உன் நாயம். வர்றது ஆபீசரு. அவுரு ஊட்ல போயி இன்னா சொல்லுவாரு? போன எடத்துல ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்ல, எலி தொங்குதுன்னு சொல்ல மாட்டாரு?"

காவலர் என்னைப் பார்த்தார். "சார், நீங்க படிச்சவரு. சொல்லுங்க சார்."

சொன்னேன். பயனில்லை. விசாரணை நாளில் நான் போனபோது மேடு அடையாளம் தெரியாமல் இருந்தது. குடிசையைச் சுற்றிப் பெருக்கிச் சாணம் தெளித்திருந்தார். நெகிழி நாற்காலிகள் மூன்றைத் திருவிழாப் பந்தல்காரரிடம் இரவல் வாங்கியிருந்தார். எலிக்குப் புகை போடும் பானை, கடப்பாரை, வலை, பழஞ்சட்டிகள் எல்லாம் பனங்காட்டுப் பக்கம் போயிருந்தன. மகள் துவைத்து மடித்த சுடிதாரில் நின்றாள். மூலையில் மஞ்சள் பூசிய பானையில் அவர்கள் கும்பிடும் கன்னியம்மா உண்டு, அதையும் காணோம். வெளியாள் செருப்புக் காலோடு வரும் நாளில் அம்மாவை எடுத்து மறைவாக வைப்பது அவர்கள் வீட்டு வழக்கமாம். ஒரு பழங்குடிக் குடும்பம் என்பதைக் காட்டக்கூடிய பொருள் ஒன்று விடாமல், விருந்தினரின் கண்ணுக்கு மரியாதை கருதி, அப்புறப்படுத்தப்பட்டிருந்தது.

அலுவலர் பண்பான மனிதர். தென்மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்தார். உடன் வந்த உதவியாளரிடம் நகலெடுத்த சில தாள்கள் இருந்தன. நூறாண்டுக்கும் முன்பு ஒரு வெள்ளைக்காரர் ஊர் ஊராகச் சென்று எழுதிய விவரத்தின் தமிழாக்கம் அது என்று உதவியாளரே சொன்னார். இருளர் எதை உண்பர், எதைப் பிடிப்பர், எதற்கு அஞ்சுவர் என்பதெல்லாம் அதில் இருந்தது. அந்நியரைக் கண்டால் ஓடி ஒளிவர் என்பதும் இருந்தது.

ஓடி ஒளிய வேண்டியவர், "வாங்க சார், வாங்க. எப்போ வந்தீங்கோ?" என்றார்.

"இப்பதாம்மா வர்றோம்."

"அத்த கேக்கல சார். இந்தப் பக்கத்துக்கு எப்போ வந்தீங்கோ?"

"போன மாசம்தான் மாத்தல் ஆச்சு. திண்டுக்கல் பக்கம்."

"அதான் கண்ணு உள்ள போயி கீது. தண்ணி ஒத்துக்கல. கொதிக்க வச்சி குடிங்கோ. சம்சாரம் புள்ளைங்க வந்துட்டாங்களா?"

விசாரணை சிறிது நேரம் இப்படியே நடந்தது, விசாரிக்கப்பட்டவர் அலுவலர். பிறகு அவர் சுதாரித்துக்கொண்டு தாளைப் பார்த்தார்.

"உங்க பூர்வீகம் எதும்மா?"

"இதான் சார்."

"அதுக்கு முன்னாடி?"

"எதுக்கு முன்னாடி?"

"இங்க வர்றதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க? எங்கயிருந்து வந்தீங்க?"

அவர் உண்மையாகவே திகைத்தார். அந்தக் கேள்வியை அவர் எல்லோரிடமும் கேட்டிருக்கிறார். அவரிடம் யாரும் கேட்டதில்லை. "நாங்க வர்ல சார்" என்றார். "வந்தது நீங்கல்லாம்."

அலுவலர் எழுதிக்கொண்டார். உதவியாளர் தம் பங்குக்கு, "உங்க பாஷைல ரெண்டு வார்த்த பேசுமா" என்றார்.

"பேசிகினுதானே கீறேன்."

"இது தமிழு மா. உங்களுக்குன்னு தனியா ஒரு பாஷை இருக்கும்ல?"

"இதான் சார் எங்க பாஷ. நீங்கோ எப்போ கத்துக்கினீங்கோ?"

எலி பிடிப்பீர்களா என்று கேட்டார்கள். ஆலைக் கேன்டீனில் ஒன்று திரிவதாகவும், வேண்டுமானால் நாளைக்குப் பார்ப்பதாகவும் சொன்னார். தேன்? காடு இருந்தால் எடுக்கலாம். சாமி? "வந்தவங்களுக்குக் காட்ற சாமி இல்ல சார் அது. தப்பா எடுத்துக்காதீங்கோ." பிறகு, இனிக் கேள்வி போதும் என்பதுபோல் எழுந்து இலை போட்டார். விடியலில் பழவேற்காட்டு ஏரியின் மேற்கு ஓரத்தில் இறங்கி, இடுப்பளவு நீரில் சேற்றைக் கையால் தடவித் தடவிப் பிடித்த எறா என்னும் இறால். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு பிடிப்பார்கள். வலையுமில்லை, தூண்டிலுமில்லை. இந்தப் பக்கத்து இருளருக்கு அது தொன்றுதொட்ட தொழில். குழம்பு சிவக்கச் சிவக்கக் கொதித்திருந்தது.

அலுவலர் முதலில் மறுத்தார். பின் ஒரு வாய் என்றார். பின் சோறு கேட்டு வாங்கினார். அவர் இலையை மடிப்பதற்கு முன்பே நான் சொன்னேன்: "ஐயா, இந்த எறா இவர் கையால் தடவிப் பிடித்தது. இவர்கள் குலத்தொழில் இதுதான். குறித்துக்கொள்ளலாம்."

அலுவலர் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் இடக்கையால் தாள்களைப் புரட்டினார். "எலி, பாம்பு, தேன், கெழங்கு இருக்கு சார். எறா இல்ல."

அந்தத் தாள்களை எழுதிய வெள்ளைக்காரர் ஏரிப்பக்கம் வராமல் போய்விட்டார் போலும். அவர் வராததால் ஏரியில் இருளர் இல்லை. சான்று முழுவதும் அலுவலரின் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்தது. புறப்படும்போது, "இப்படி ஒரு கொழம்பு சாப்ட்டு நாளாச்சும்மா" என்று அவர் கைகூப்பினார். அதில் கள்ளமில்லை. அடுத்து எழுதியதிலும் கள்ளமிருந்ததாக நான் நினைக்கவில்லை. குறிப்பின் நகல் வந்தபோது நானே படித்துக் காட்டினேன். மனுதாரரின் தாய் தொழிற்சாலைப் பணியாளர். நாகரிக வாழ்க்கை வாழ்பவர். அயலாரிடம் கூச்சமின்றிப் பழகுகிறார். பழங்குடியினருக்குரிய தொழிலோ வழிபாடோ மொழியோ காணப்படவில்லை. தம் பூர்வீகத்தைத் தெளிவாகக் கூற இயலவில்லை. ஆதலின் தாய், மகள் இருவரின் இனமும் உறுதிப்படுத்தப்படவில்லை.

முழுவதும் கேட்டுவிட்டு, "சாப்பாடு நல்லா இருந்துச்சின்னு எழுதலியா?" என்றார்.

மகள் சிரிக்கவில்லை. "உன்னாலதான்மா" என்றாள். "காவக்கார அண்ணன் படிச்சிப் படிச்சி சொன்னாரு. நீ நாற்காலி போட்டு, கொழம்பு ஊத்தி, என் படிப்ப ஊத்தி மூடிட்ட."

"வந்தவங்கள எப்டிடீ..."

"வந்தவங்க, வந்தவங்க! வந்தவங்கதான்மா கையெழுத்து போடணும். நீ போட முடியுமா?"

அவர் கேட்ட கேள்விகளுக்கு மற்றவர் திணறியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர் திணறியதை அன்றுதான் பார்த்தேன்.

மேல்முறையீடு செய்தோம். மறுவிசாரணைக்கு நாள் குறித்தார்கள். சேர்க்கை முடிய அதற்குமேல் ஒரு வாரம்கூட இல்லை. இம்முறை பொறுப்பை மகள் எடுத்துக்கொண்டாள். எலி பிடிப்பதை அவள் வாழ்நாளில் செய்ததில்லை. கைப்பேசியில் யாரோ எடுத்துப் போட்டிருந்த படம் ஒன்றைப் பார்த்துக் கற்றாள். வைக்கோல் அடைத்த பானையை எலி வளையின் வாயில் கவிழ்த்து, பானையின் அடியில் உள்ள துளை வழியாக ஊதிப் புகையை உள்ளே செலுத்தி, பிறகு வெட்டி எடுக்க வேண்டும். படத்தில் செய்து காட்டியவர்களுக்கு முகவரி எதுவும் இல்லை. தாயிடம் கேட்கலாமே என்றேன். "அது சொல்லாது சார். வித்த காட்டிப் பிச்ச எடுக்கறதா, நான் பாக்க மாட்டேன்னு சொல்லிச்சு. அன்னிக்கு எறாவுக்குப் போறேன்னுச்சு."

தாய் அப்படியே செய்தார். விசாரணை நாள் காலையில் வேலைக்கும் வரவில்லை, மேட்டிலும் இல்லை. அறுவடை முடிந்த பக்கத்து வயலின் வரப்பில் அதே அலுவலரும் அதே உதவியாளரும் நின்றார்கள். காவலரும் நானும் தள்ளி நின்றோம். மகள் பழம்பாவாடையைச் செருகிக்கொண்டு வந்தாள். பழக்கமில்லாத கையால் பானைக்குத் தீ மூட்ட முயன்றாள். மூன்றாவது குச்சியில்தான் பற்றிக்கொண்டது. கண்ணீரும் இருமலுமாக ஊதினாள்.

"நல்லா ஊதும்மா, தங்கச்சி, உடாத!" என்று காவலர் பந்தயம் பார்ப்பவர்போல் கத்தினார்.

பிறகு கடப்பாரையால் வெட்டினாள். கொழுத்த எலி ஒன்று புகையில் மயங்கிக் கிடந்தது. அதை எடுக்கும்போது அவள் முகத்தை வேறுபுறம் திருப்பிக்கொண்டதை நான் கண்டேன். உதவியாளர் தாளில் குறியிட்டுக்கொண்டிருந்ததால் காணவில்லை. அலுவலரின் முகத்தில் நிம்மதி. அவரும் அந்தப் பெண் படிக்க வேண்டும் என்றே விரும்பியிருப்பார்போலும். ஆனால் நான் ஊகத்தைச் சேர்ப்பதில்லை. "அம்மா எங்கம்மா?" என்று மட்டும் கேட்டார். "பயந்துகினு எங்கயோ ஓடிருச்சி சார்" என்றாள் மகள். உதவியாளர் அதற்கும் ஒரு குறியிட்டார்.

சேர்க்கைக்குக் கடைசி நாளுக்கு முன்னால் சான்றிதழ் வந்தது. மகள் அதை எடுத்துக்கொண்டு ஆலை வாயிலுக்கே ஓடி வந்தாள். அவர் செடி துடைத்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி, தலைகீழாகப் பார்த்து, என்னிடம் தந்தார். மகள் இருளர் என்னும் பழங்குடியைச் சேர்ந்தவள் என்று படித்தேன்.

"அப்போ என்னப்பத்தி எழுதுனது?"

அது முதற்குறிப்பில் எழுதப்பட்டது, அதை யாரும் மாற்றவில்லை என்றேன். அந்தத் தாளின்படி அவர் இன்னமும் தொழிற்சாலைப் பணியாளர், இனம் உறுதிப்படுத்தப்படாதவர்.

தாளை வாங்கி மடித்து மகளிடம் நீட்டினார். பிறகு, நீலச் சட்டை குலுங்கச் சிரித்தார். "என் வயித்துல பொறந்தது இருளச்சியாம். அப்போ நான் இன்னா நைனா, கம்பெனியா?"

காவலரும் சிரித்தார், மகளும் சிரித்துவிட்டாள். உங்களுக்கும் விண்ணப்பம் எழுதட்டுமா, வீட்டுமனைக்கு ஆகும் என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "நேத்து வந்தவரு சொல்லிதான் நான் யாருன்னு நான் தெரிஞ்சிக்கணுமா? புள்ளைக்கு வோணும், புள்ளைக்குக் கெடச்சிச்சி. போதும்."

மகள் கல்லூரி விடுதிக்குப் போனாள். மேட்டில் இருந்த மற்றப் பிள்ளைகளும் பின்னர் எலி பிடிக்கக் கற்றார்கள் என்று காவலரும் வயல்காரரும் சொல்கிறார்கள். விடுமுறைக்கு வந்தபோது மகள் கைப்பேசியில் அந்தப் படத்தைக் காட்டினாளாம். ஆலையில் ஒப்பந்தக்காரர் மாறினார். புதியவர் தோட்டத்திற்குத் தம் ஆளைக் கொண்டுவந்தார். வேலை போன அவர், புதிய ஆளிடம் உப்புக் குழாயைக் காட்டிக் கொடுத்துவிட்டு, பூட்சை என் மேசையருகே வைத்துவிட்டுப் போனார். அதன்பின் நான் அவரைக் கண்டதில்லை.

எழுத வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. மறுவிசாரணை நாளில், அலுவலரின் வண்டி புறப்பட்டபின், நான் அந்த வரப்பைச் சுற்றி நடந்தேன். எலி வளைக்கு ஒரு வாய் மட்டும் இருப்பதில்லை என்பது வயலருகே வளர்ந்த எவருக்கும் தெரியும்; புகை போட்டால் மற்ற வாய் வழியே எலி ஓடிவிடும். வரப்பின் மறுபுறத்தில் அந்த வளையின் மற்ற வாய்கள் எல்லாம் அடைக்கப்பட்டிருந்தன. ஈரச் சேற்றை அப்பி, நான்கு விரல்களால் அழுத்தி, ஒன்றுபோல் அடைத்திருந்தார்கள். சேறு இன்னும் காயவில்லை.

மகளிடம் கேட்டேன். "மத்த வாயெல்லாம் எப்போம்மா அடச்ச?"

"எந்த வாய் சார்? எலிக்கு ஒரு ஓட்டைதானே?" என்றாள். படத்தில் ஒன்றைத்தான் காட்டியிருந்தார்கள்.

வயல்காரரைக் கேட்டேன், அன்று காலை அவர் வயலுக்கு வரவில்லை. காவலரைக் கேட்டேன், அவர் என்னோடுதான் வந்தார். மறுநாள் தோட்டத்தில் தாயையும் கேட்டேன்.

"நேற்று எறா கிடைத்ததா?"

"கெடைக்கல நைனா" என்றார். இலையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இவ்வளவே நான் உறுதிசெய்தவை. அவர் வயது எனக்குத் தெரியாது. இப்போது எங்கே இருக்கிறார் என்பது தெரியாது. அந்த வளைவாய்களை அடைத்தவர் யார் என்பதும் தெரியாது.